பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யலாமா, புதுசு வாங்கலாமா? குன்னூர் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். கோத்தகிரி, கேத்தி, அருவங்காடு, மஞ்சூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். சிலர் டெஸ்க்டாப்பைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து மேசையில் இறக்குவார்கள். இறக்கியதும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்குச் செலவு பண்ணலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?" திரும்பத் திரும்ப வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விலை மட்டும் எழுதவில்லை. 2025 கடைசியில் ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) விலை ஏறிய ஏற்றத்தில், காலையில் சொன்ன விலையை மாலையில் என்னாலேயே காப்பாற்ற முடியவில்லை.

எட்டு வருஷம் ஆச்சுங்க அண்ணா. இன்னும் வெச்சிருக்கறது சரியா?

வயதைக் கேட்டு நான் எதையும் முடிவு செய்வதில்லை. மூன்று வருஷம் முன்பு வாங்கிய மட்டமான லேப்டாப்பைவிட, பத்து வருஷம் ஓடிய நல்ல ஆபீஸ் டெஸ்க்டாப் எத்தனையோ மேல். அதில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அந்த வேலை எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, மாட்டுகிற பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று மூன்றைக் கேட்பேன். மூன்றாவதற்கு "முடியாது" என்று பதில் வந்தால் மட்டுமே புது மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

ஆன் பண்ணினா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. மதர்போர்டு போயிடுச்சா?

மழைக்காலத்தில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் கையில் அதே மெஷினோடுதான் திரும்பிப் போவார்கள். புது கம்ப்யூட்டர் வாங்கத் தயாராகப் பணத்தோடு வந்தவர்களும் அதில் உண்டு.

நம் ஊர் ஈரம் அப்படி. தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியையும் நனைத்துவிட்டுப் போனால், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் முறை வரும். வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது. பீரோவில் இருக்கும் துணியே பூஞ்சணம் பிடிக்கும்போது, மேசைக்கு அடியில் சுவரோரம் வைத்த கேபினட் மட்டும் தப்புமா? ராமின் தங்கநிறக் கால்களில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு விட்டுப்போகும். சில போர்டுகளில் பீப் பீப் என்று சத்தம் வரும், சிலவற்றில் அதுவும் வராது.

கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். ராமைக் கழற்றி, கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டிக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே டிஸ்ப்ளே வந்துவிடும். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரி தொடர்பையும் எடுத்தாக வேண்டும், பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

தேதி 2009, 2012 என்று பின்னால் போய் நிற்கிறதா? போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் 3 வோல்ட் சமாசாரம். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று வெப்சைட்டுகள் திறக்க மறுக்கும். "நெட்டே வரல, கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு அந்த ஒரு பேட்டரிதான் மாற்றிக் கொடுத்தேன். "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உயிர் இருக்கு, ஆனா ரொம்ப ஸ்லோ. எதை மாத்தணும்?

மாற்றுவதற்கு முன்னால் பாருங்கள். மெஷின் தடுமாறுகிற அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று மூன்று இருக்கும்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றுகொண்டு, மற்ற இரண்டும் சும்மா இருந்தால், உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று திறக்காமலே சொல்லலாம். தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து, தேடிய இடத்தைப் பிடிக்க அதற்குச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை, 0.1 மில்லி செகண்ட் போதும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. ஒவ்வொன்றிலும் நூறு மடங்கு வித்தியாசம் என்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்யும் வேலைகளிலேயே வாடிக்கையாளர் முகம் உடனே மலர்வது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடும்போதுதான்.

மெமரி எப்போதும் 85, 90 சதவீதத்தில் நின்றால் ராம் போதவில்லை. சிபியு ஓயாமல் 100 என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஏதோ ஒரு புரோகிராம் பின்னால் தின்றுகொண்டிருக்கும், அல்லது பிராசஸர் உண்மையிலேயே சக்தியற்றது. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு லேப்டாப்பில் வழி இல்லை.

மூன்றுமே சும்மா இருந்து பிரவுசர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? உங்கள் போனை அதே வைஃபையில் வைத்துப் பாருங்கள். போனிலும் சுற்றினால் குற்றம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. மரம் விழுந்து எங்கோ கேபிள் அறுந்திருக்கும்.

எஸ்எஸ்டி மட்டும் போதுமா, ராமும் சேர்த்துப் போடணுமா?

முதலில் எஸ்எஸ்டி. போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அப்புறமும் திணறினால் ராம். 4 ஜிபி வைத்துக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இன்றைக்கு எந்த மெஷினும் மூச்சு வாங்கும். 8 ஜிபி வீட்டு வேலைக்குப் போதும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், புக்கிங், வாட்ஸ்அப், கணக்கு எல்லாம் ஒன்றாகத் திறந்து வைப்பவர்கள் 16 போட்டுக்கொள்ளலாம்.

ராம் வாங்குவதற்கு முன் சில எச்சரிக்கைகள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. டெஸ்க்டாப் ராம் நீளம், லேப்டாப் ராம் குட்டை. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயன்படாது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வாங்கிய அன்றைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும்.

எஸ்எஸ்டியிலும் இதே கதைதான். பழைய லேப்டாப்பில் சாட்டா இணைப்பில் மாட்டும் 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி பெட்டி போகும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு ஓடும், ஆனால் அதற்கான ஸ்லாட் வேண்டும். சாட்டாவில் வேகம் குறைவு என்று வருத்தப்படாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவது தெரிகிற அளவுக்கு, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது தேயிலைக் கணக்கு எழுதுகிறவருக்குத் தெரியாது.

என் மெஷின்ல விண்டோஸ் 11 ஏறுமா?

பிராசஸர் பெயரைப் பாருங்கள். இன்டெல் ஐ5-4570 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 4தான் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக, ஐ5-10210யூ என்று இருந்தால் பத்தாவது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து, பெரும்பாலும் ஏறும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் வசதியும், குறைந்தது 4 ஜிபி ராமும், 64 ஜிபி இடமும் கேட்கும். டிபிஎம் பல மெஷின்களில் உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் செட்டிங்கில் ஆஃப் ஆகிக் கிடக்கும். அதை ஆன் பண்ணத் தெரியாமல் லேப்டாப்பையே மாற்றினவர்கள் இருக்கிறார்கள்.

சோதனையை ஏமாற்றி ஏற்றும் குறுக்கு வழிகள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் கணக்குவழக்கு ஓடும் மெஷினில் செய்யமாட்டேன். அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்று உத்தரவாதம் தர முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டுவோ மெஷின்கள் அந்தக் குறுக்கு வழியிலும் நின்றுபோயின, அந்தப் பிராசஸரில் தேவையான கட்டளைகளே கிடையாது.

விண்டோஸ் 10லயே இருந்துட்டா என்ன?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான சாதாரண ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் ஓராண்டு நீட்டித்து, 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அதற்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும். மெஷின் அன்றைக்கு நின்றுவிடாது. ஓட்டையை அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான். நெட் இணைக்காத மெஷினுக்கு இது பெரிய விஷயமே இல்லை. நெட் பேங்கிங் செய்கிற மெஷினுக்குப் பெரிய விஷயம்.

லினக்ஸ் போட்டா தமிழ்ல டைப் பண்ண முடியுமா?

முடியும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை சேர்த்துக் கொடுக்கிறேன், யூனிகோடில் ஜம்மென்று வரும். ஏழாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின், பிரவுசரும் மெயிலும் மட்டும்தான் வேலை என்றால் இதைத்தான் சொல்வேன். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில், பழைய பேஜ்மேக்கர் பக்க வடிவமைப்பு மென்பொருளோடு வாழும் அச்சகக்காரர்களுக்கு இது உதவாது. அவர்கள் பழைய மெஷினை நெட்டிலிருந்து பிரித்து அப்படியே வைத்துக்கொண்டு, மெயிலுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பையனுக்கு ஸ்கூல்ல கொடுத்த விலையில்லா மடிக்கணினி சும்மா கிடக்கு. தேறுமா?

2011இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு மாடல் வந்திருக்கிறது, அதனால் திறந்து பார்க்காமல் சொல்வதற்கில்லை. என் மேசைக்கு வந்த பழைய மாடல்களில் பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கையும் ராமையும் மாற்ற முடிந்தது. பிராசஸர் சுமார்தான். சின்ன எஸ்எஸ்டியும், யாரோ கழற்றிப் போட்ட பழைய ராமும், லினக்ஸும் போட்டால் தங்கச்சி படிக்க, பாடம் பார்க்கத் தேறும். புது பேட்டரி வாங்கிப் போட்டு அதில் பணத்தை முடக்காதீர்கள், சார்ஜரிலேயே ஓடட்டும்.

தேயிலை ஃபேக்டரியில ஒரு பழைய மெஷின் இருக்கு. எல்லாரும் மாத்துன்னு சொல்றாங்க, மாத்தினா கணக்கு புரோகிராம் ஓடலை.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். பச்சைத் தேயிலை கொண்டுவரும் சிறு விவசாயிகளின் எடை, பிடித்தம், பட்டுவாடா எல்லாம் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராமில் ஓடும். எழுதினவர் ஊரில் இல்லை. பின்னால் தடித்த கேபிளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எடைமேடையிலிருந்து ஒரு சீரியல் வயர்.

64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் "புது மெஷின் வாங்கினேன், புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது" என்பது மெஷினின் குறை இல்லை. வழி இருக்கிறது. புது மெஷினில் டாஸ் மாதிரியே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் அந்தப் புரோகிராமை ஓட விடலாம். சீரியல் வயருக்கு யூஎஸ்பி மாற்றி கிடைக்கும். பிரிண்டர்தான் படுத்தும், யூஎஸ்பி மாற்றி போட்டாலும் டாஸ் புரோகிராம் நேராக எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டைத் தேடும். இதையெல்லாம் வேலை குறைந்த மாதத்தில், பழைய மெஷினையும் பக்கத்திலேயே ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே கணக்கு வருகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும். இலை குவியும் சீசனில் யாராவது மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

அதுவரை பழையதைக் காப்பாற்றுங்கள். அதன் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்து வைப்பது முதல் வேலை. ஃபேக்டரியில் தேயிலைத் தூள் பறக்கும், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஃபேனில் அடைத்துக்கொள்ளும். கதகதப்புக்கு எலி உள்ளே குடியேறிய கேபினட்டையும் திறந்திருக்கிறேன். பின்பக்க ஓட்டைகளுக்குத் தகடு போட்டு மூடுங்கள்.

ஊட்டி உயரத்துல ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெட்டுப்போகுமா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. ஹார்ட் டிஸ்க் ஊசி காற்று மெத்தையில் மிதப்பதால் உயரத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் பொதுவாக 3,048 மீட்டர் வரை ஓடும் என்றே தயாரிக்கிறார்கள். காற்று அடர்த்தி குறைவதால் ஃபேன் கொஞ்சம் குறைவாகத்தான் குளிர்விக்கும். நம் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது.

உயரத்தைவிட ஈரமும் கரண்டும்தான் கெடுக்கின்றன. மார்கழியில் உறைபனி விழுந்த காலை, சில்லென்ற லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து, அடுப்பு எரியும் சூடான அறையில் உடனே ஆன் பண்ணாதீர்கள், உள்ளே நீர் பூத்திருக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் இயல்பு, அதற்காகப் புது பேட்டரி வாங்க வேண்டாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அது வேறு. பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

காற்றடித்துக் கற்பூர (யூகலிப்டஸ்) மரம் கம்பியில் சாயும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப் வைத்துக்கொள்வது வீண். பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காத வீடுகளும் நிறைய. இதையெல்லாம் பார்க்காமல் புது மெஷின் வாங்கினால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

எந்த இடத்துல "போதும்"னு நிறுத்தணும்?

நான் வைத்திருக்கும் அளவுகோல்: செய்யும் செலவு, அதே வேலைக்குப் போதுமான நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிப்பேன், பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்பேன். லேப்டாப்பில் போர்டு போனால் பெரும்பாலும் அங்கேயே முடிவு. திரை, கீல், கீபோர்டு மூன்றில் இரண்டு ஒன்றாகப் போனாலும் முடிவு. செலரான் பிராசஸர், 4 ஜிபி ஒட்டிய ராம், 64 ஜிபி ஒட்டிய இஎம்எம்சி சேமிப்புச் சில்லு என்று இருக்கும் மலிவு லேப்டாப்பில் மாற்றுவதற்கே எதுவும் இல்லை.

இந்த அளவுகோல் எனக்குச் சும்மா வரவில்லை. அருவங்காட்டிலிருந்து ஒரு அக்கா லேப்டாப் கொண்டுவந்தார். எஸ்எஸ்டி போட்டேன், இரண்டு வாரம் கழித்து ராம், அப்புறம் கீல் உடைந்தது, அதையும் மாற்றினேன். மூன்றாவது மாதம் போர்டு போனது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான செலவுதான், யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். எஸ்எஸ்டியைக் கழற்றி அவர் அடுத்து வாங்கிய மெஷினில் போட்டுக் கொடுத்தேன், அது மட்டும் தப்பியது. இப்போதெல்லாம் முதல் நாளே கீலையும் பேட்டரியையும் போர்டையும் பார்த்து, இன்னும் என்னென்ன வரப்போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

கம்பெனிகள் குத்தகை முடிந்து கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி மெஷின்கள் கடைகளில் வரும். அதே விலையில் கிடைக்கும் புது மலிவு லேப்டாப்பைவிட நான் இவற்றையே சொல்வேன், திறந்து மாற்றவாவது இடம் இருக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதீர்கள். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா, பேட்டரி எத்தனை நேரம் நிற்கிறது, எல்லா யூஎஸ்பியும் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கோவையில் இறங்கி வாங்குவதென்றால் வாரன்டிக்கு மறுபடி மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி ஏற வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுசு வாங்கியாச்சு. பழசை என்ன பண்றது?

முதலில் அதிலிருக்கும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். சும்மா ஃபார்மட் அடித்தால் ஃபைல் அழியாது, மீட்டெடுக்கலாம். யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டால் அதே டிஸ்க் பேக்கப்புக்கு ஆகும், நல்ல நிலையில் இருந்தால். மிச்சத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால் செம்புக்காக வயரை எரிப்பார்கள், பேட்டரி சோலைக்குள் போகும். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும். என் கடையில் சேர்ந்ததும் மொத்தமாகக் கீழே அனுப்புகிறேன், கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். காசு தரமாட்டேன்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டு வரணும்?

டெஸ்க்டாப் என்றால் கேபினட் மட்டும் போதும், மானிட்டரைச் சுமந்து வர வேண்டாம். விண்டோஸ் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் புரோகிராம் இல்லாமல் உங்களுக்குப் பிழைப்பு நடக்காதோ அதன் பெயரையும் எழுதுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பாதிப் பேர் மறந்துவிட்டு, மஞ்சூர் வரை திரும்பப் போக வேண்டியதாகிறது.